பச்சை வண்டிக்காகச் சொன்ன பொய்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் கண்டக்டராக இருக்கும் பஸ்ஸில் வயதான ஓர் அம்மாள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதைப் பற்றி நான் ஒரு பொய் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. நானாகவே எழுதினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உத்திரமேரூர்ப் பக்கத்தில் இதே பொய்யை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அன்று செத்தவள் என் தங்கை எஸ்தர். ஒரே பொய்யை இரண்டு தேசத்தில் எழுதியவன் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு என் மேலேயே வந்திருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஆலைகள் நிறைந்த ஊர் இது. பெயர் உங்களுக்கு வேண்டாம். எங்கள் பஸ் இரண்டு மாடி. டிரைவர் முன்னால் தனிக் கூண்டில் இருப்பார். பின்பக்கம் கதவில்லாத திறந்த மேடை, அதில்தான் ஜனங்கள் ஏறி இறங்குவார்கள். அவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நான் மணி அடிக்க வேண்டும். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு. மணி இல்லாமல் வண்டி அசையக் கூடாது. நான் இங்கே கற்றுக்கொண்ட முதல் சட்டம் அது.

அன்று நாங்கள் தாமதம். பின்னால் இன்னும் இரண்டு பஸ்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. நான் மாடியில் டிக்கெட் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் ஒரு கையில் காய்கறிப் பையோடு மேடையில் ஒரு கால் வைத்திருந்தார். மணி அடிக்கவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. உருளைக்கிழங்கு தெருவெல்லாம் ஓடியது. அவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, ‘நான் ஏறிக்கொண்டுதானே இருந்தேன்?’ என்று கேட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில் கேட்டார்.

2

இந்த ஊரில் ஒருவர் விழுந்தால் நான்கு பக்கப் படிவம். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, மழையா வெயிலா, தரை ஈரமா, நீ எங்கே நின்றாய், மணி அடித்தது யார், பார்த்தவர்கள் பெயர் விலாசம். ஒருவர் செத்தால்கூட எங்கள் பக்கம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. வந்த புதிதில் ஒரு முறை விலாசம் என்ற கட்டத்தில் என் ஊர், தாலுகா, ஜில்லா, தகப்பனார் பெயர் எல்லாம் எழுதிக் கொடுக்க, ஆபீசில் இருந்த பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது தேறிவிட்டேன்.

சமையலறை மேஜையில் வைத்து எழுதினேன். ‘வண்டி புறப்பட்டுச் சென்றுகொண்டிருந்தபோது மேற்படி பயணி அவசரமாக ஓடிவந்து ஏற முயன்றார்.’ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பேனா தானாக ஓடியது.

என் இங்கிலீஷைத் திருத்துகிறவன் மகன் சாமுவேல். பன்னிரண்டு வயது. இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினான். பிறகு நிமிர்ந்து பார்த்து, “ஓடுகிற பஸ்ஸில் ஒரு பாட்டி எப்படி ஓடிவந்து ஏறுவாள், டாட்?” என்று இங்கிலீஷில் கேட்டான். அவனுக்குத் தமிழில் சாப்பாடு கேட்கத் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியும். கேள்வி கேட்பதெல்லாம் இங்கிலீஷ்தான்.

“நீ எழுத்துப் பிழையை மட்டும் பார்” என்றேன்.

சுவரில் எஸ்தரின் போட்டோ மாட்டியிருக்கிறது. நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தபோது காஞ்சிபுரத்தில் எடுத்தது. சாமுவேல் அதை ‘அந்த லேடி’ என்பான். அத்தை என்று சொல்லடா என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் எப்படிச் செத்தாள் என்று ஒரு முறை கேட்டான். ஆக்சிடென்ட் என்றேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் நம்மை விட்டு விலகிப் போகிறான் என்று என் மனைவியிடம் அடிக்கடி புலம்புகிறேனே, பிடித்து வைத்துக்கொள்ள நான் என்ன உண்மையைக் கொடுத்தேன்?

3

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அப்போது இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஓடின. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஐந்து நிமிஷ இடைவெளியில் கிளம்பும். அந்த ஐந்து நிமிஷத்தை வைத்துத்தான் அவ்வளவு வெறியும். முன்னால் போகிற வண்டி ஒரு ஸ்டாப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் பின்னால் வருகிறவன் முந்திக்கொண்டு அடுத்த ஸ்டாப்பின் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். முதலாளிகள் ஆற அமர வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டியவர்களும் செத்தவர்களும் வேறு ஆட்கள்.

சிவப்பு வண்டியில் எங்கள் ஜனம் உட்கார முடியாது. டிக்கெட் ஒரே விலைதான். ஆனால் பின்னால் நிற்க வேண்டும். சீட்டெல்லாம் காலியாக இருந்தாலும் நிற்க வேண்டும். ஊர்க்காரர் எவராவது ஏறினால் இன்னும் நெருக்கிக்கொண்டு படிக்கட்டில் தொங்க வேண்டும். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. அது அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான்.

பச்சை வண்டியை ஓட்டியவர் முனிரத்தினம். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஒரு நாள் எங்கள் பெரியப்பா ஒருவர் கால் வீக்கத்தோடு சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏறிய மிராசுதார் ஒருவர் கண்டக்டரைக் கூப்பிட்டு எழுப்பச் சொன்னார். முனிரத்தினம் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அவரும் டிக்கெட்டு வாங்கிக்கீறாரு, குந்திக்கீறாரு. உனுக்கு இஷ்டம் இல்லன்னா பின்னாடி செவப்பு வண்டி வருது, அதுல வா.”

மிராசுதார் இறங்கிப் போனார். அன்றிலிருந்து நாங்கள் சிவப்பு வண்டியில் ஏறுவதை விட்டோம். வெயிலில் அரை மணி நின்றாலும் பச்சைக்குத்தான் நிற்போம். ‘நம்ம வண்டி’ என்போம். ஆயுத பூஜைக்கு வேதக்காரர்களாகிய நாங்கள்கூட அந்த வண்டிக்கு மாலை வாங்கிக் கொடுத்தோம், பாதிரியார் திட்டியும் கேட்கவில்லை.

பச்சை வண்டி சிவப்பை முந்துகிறபோது உள்ளே எழும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். “புடிண்ணா அவன! உடாத, உடாத!” பெண்கள்கூட எழுந்து நின்று கத்துவார்கள். புளியமரங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு ஓடும், எதிரே மாட்டு வண்டிக்காரன் பள்ளத்தில் இறக்கிக்கொண்டு திட்டுவான், நாங்கள் சிரிப்போம். எங்களை நிற்க வைத்த வண்டி பின்னால் புழுதியில் போகிறது என்றால் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு உண்டா? முனிரத்தினமும் அதைக் கேட்டுக் கேட்டே ஓட்டினார். அவருக்கு அந்தக் கிறுக்கை ஏற்றிவிட்டதில் எங்கள் பங்கு பெரியது.

இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. கண்டக்டர் மேலே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாலோ, முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாலோ, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே “ரைட்!” என்று குரல் கொடுப்போம். நம்ம வண்டி அல்லவா? முனிரத்தினம் விசிலுக்குக் காத்திருக்க மாட்டார். எங்கள் குரலுக்கே எடுத்துவிடுவார். அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

4

எஸ்தருக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் தெருவில் நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை காலை வண்டியில் காஞ்சிபுரம் திரும்புவாள். நான் அங்கே ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். அதனால் திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே போவோம்.

அன்று பச்சை வண்டி எங்கள் ஸ்டாப்பில் நின்றது. கத்தரிக்காய்க் கூடைகள் நிறைய இருந்ததால் கண்டக்டர் மேலே ஏறிவிட்டார். நான் முண்டியடித்து முதலில் ஏறி, ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். அவள் எல்லாரையும் ஏறவிட்டுக் கடைசியாகத் தகரப் பெட்டியோடு வந்தாள். அப்போது பின்னால் வளைவில் சிவப்பு வண்டியின் ஹாரன் கேட்டது. பச்சைக்குள் ஒரே பரபரப்பு. “வந்துட்டான் வந்துட்டான்” என்றார்கள். “ரைட்!” என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வண்டி பாய்ந்தது. எஸ்தரின் ஒரு கால் படியில் இருந்தது, ஒரு கை கம்பியில். பெட்டி முதலில் விழுந்தது. பின் சக்கரம் அவள் மேல் ஏறியது.

இதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு வராது.

மறுநாள் முனிரத்தினம் எங்கள் தெருவுக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். எங்கள் வீட்டு மண் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தெருவில் அவர் மாதிரி ஆள் ஒருவர் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை.

“நான் ஜெயிலுக்குப் போறேன். நீங்க இன்னா சொன்னாலும் சரி” என்றார். பொய் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

அவர் போனதும் எங்கள் பெரியவர்கள் கூடினார்கள். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“பூட்டது பூடுச்சி. முனிரத்தினம் அண்ணன் உள்ள பூட்டா, நாளைக்கி அந்த வண்டிக்கி வேற எவனாச்சும் வருவான். நம்மள எவன் குந்த வைப்பான்? திரும்ப நின்னுக்கினே போலாமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெருவில் பேனா பிடிக்கத் தெரிந்தவன் நான். எழுதினேன். ‘வண்டி புறப்பட்டுச் சென்றுகொண்டிருந்தபோது மேற்படி எஸ்தர் அவசரமாக ஓடிவந்து ஏற முயன்றாள்.’ அதன் கீழே ஏழு பேர் கைநாட்டு. எட்டாவதாக என் கையெழுத்து. விசாரணைக்கு வந்த ஏட்டு படித்துப் பார்த்துவிட்டு, “கூடப் பொறந்தவனே எயுதிக் குடுத்துட்டான், அப்புறம் இன்னா?” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அரை நிமிஷ வேலை.

அம்மா அப்போது உள்ளே ஜுரம் வந்தவள் போலக் கிடந்தாள். அவள் அன்று ஸ்டாப்புக்கு வரவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஊர் சொன்னதைத்தான் நம்பினாள். கோயிலில் பாதிரியார் அவசரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது எஸ்தரை உதாரணம் காட்டினார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எஸ்தர் பேச்சை எடுத்தாலே, “அவ அவசரக்குடுக்க. ஒரு நிமிசம் நின்னு வந்திருக்கலாமில்ல?” என்று செத்த பெண்ணைத் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். இரண்டு வருஷம் அப்படித் தின்றேன். பிறகு ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைத்தது, மனைவி மகனோடு கப்பலேறிவிட்டேன். பிழைப்புக்காகப் போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இல்லை, தப்பித்துப் போனேன்.

முனிரத்தினம்? ஒரு மாதம் மெதுவாக ஓட்டினார். பிறகு பழையபடிதான். எங்கள் ஜனமும் பழையபடி கத்தியது.

5

இங்கே திரும்பி வருகிறேன். என் டிரைவர் பெயர் ஜார்ஜ். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், டிப்போ சாப்பாட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்த மேஜைக்கு ஒருவரும் வர மாட்டார்கள். நான் உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் இருப்பவர்கள்கூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டாவது வாரம் ஜார்ஜ் டீக்கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். பேப்பரை விரித்துப் படித்தார். அன்றிலிருந்து தினமும் உட்காருகிறார். படிவத்தில் என் பேனா ஏன் தானாக ஓடியது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

படிவத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். படித்தார். முகம் சிவந்துவிட்டது.

“இதை ஏன் எழுதினாய்?”

“உங்களுக்காகத்தான்” என்றேன்.

“நான் உன்னிடம் கேட்டேனா? மணி அடிக்கவில்லை. பின்னால் வண்டி நிற்கிறதே என்று நான்தான் எடுத்தேன். அந்த அம்மாள் ஓடியும் வரவில்லை, குதிக்கவும் இல்லை. கை உடைந்தவள் மேல் ஏன் பழியைப் போடுகிறாய்?”

நான் தட்டுத் தடுமாறி அந்த மேஜையைப் பற்றிச் சொன்னேன். என்னோடு அவர் உட்கார்ந்ததைப் பற்றி. அவர் கோபம் இன்னும் ஏறியது.

“நான் டீ குடிக்க உட்கார்ந்தேன். நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை. அதற்காக எனக்கு நீ பொய் சொல்ல வேண்டுமா? என்னை என்னவென்று நினைத்தாய்?”

வேறு படிவம் வாங்கிவரச் செய்து, தன் கையாலேயே உண்மையை எழுதினார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் வண்டி ஓட்ட விடாமல் மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனார், வந்தார். இப்போதும் என் மேஜையில்தான் டீ குடிக்கிறார்.

வெள்ளைக்காரன் யோக்கியன், நாமெல்லாம் அயோக்கியர்கள் என்று எழுத வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கறுப்பருக்கு அறை கிடையாது என்று கதவில் எழுதி ஒட்டிய வீடுகளைத் தாண்டித்தான் நான் வேலைக்கு நடக்கிறேன். ஜார்ஜுக்கு உண்மை சொன்னால் வேலை போகாது, கடிதம்தான் வரும். முனிரத்தினத்துக்கு ஜெயில், எங்களுக்கு நின்றுகொண்டே பயணம். உண்மை சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. எனக்கு அது தெரியும்.

தெரிந்தும் கோபம் ஆறவில்லை. சிவப்பு வண்டிக்காரன் மேல் கோபம். காசு கொடுத்து வாங்கிய சீட்டில் உட்காருவதையே ஒரு வரம் போல ஆக்கி வைத்தவர்கள் மேல் கோபம். முனிரத்தினத்தின் மேலும் கோபம்தான். நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்த மனிதர். அப்படிப்பட்டவர் எங்கள் பொய்யை ஏன் வாங்கிக்கொண்டார்? ‘வேண்டாம்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பேனே. எங்களுக்கு உரியதை எங்களுக்குக் கொடுத்தார், அதற்கு நாங்கள் ஒரு பெண்ணின் சாவையே அவள் தலையில் கட்டி அவருக்கு நன்றி செலுத்தினோம்.

6

அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, மாமாதான் படித்துக் காட்டுவார். அவர் பதில் போன வாரம் வந்தது.

‘உன் கடுதாசி கெடச்சது. பேரன் படிப்பு, குளுரு எல்லாம் அத்தைக்கிப் படிச்சிக் காட்டினேன். மத்தத உட்டுட்டேன். இன்னாத்துக்கு இப்ப? அண்ணன் இன்னும் அதே வண்டிதான் ஓட்டிக்கினு கீறாரு. நம்ம ஜனம் அதுலதான் போவுது வருது. போன மாசம் ஓரிக்கைக்கிட்ட நம்ம பையன் ஒருத்தன் படியில தொங்கிக்கினு போயி மரத்துல இடிச்சி காலு பூடுச்சி. அவனே கால வெளிய நீட்டினான்னு எயுதிக் குடுத்துட்டோம். அண்ணன் பாவம், அவுரு மனசு நோவக் கூடாது.’

எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான் எழுதிப் பழக்கிவிட்ட காகிதம், இப்போது வேறு யாரோ எழுதுகிறார்கள். இன்னும் எத்தனை பேர் தாங்களாகவே ஓடிவந்து, தாங்களாகவே காலை நீட்டி, தாங்களாகவே சாக வேண்டும்? முனிரத்தினம் அண்ணனின் மனசு நோகட்டும். நொந்தால்தான் கால் பிரேக்குக்குப் போகும். உட்கார வைக்கிறவன் உயிரோடு கொண்டுபோய் இறக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். டிக்கெட் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

மாமா கடிதத்தில் விட்டுவிட்டதைப் பத்திரிகையில் விட முடியாது என்பதால்தான் இதை இங்கே அனுப்புகிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர், மாமா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை மட்டும் சத்தமாகப் படியுங்கள். ஒரு வார்த்தையும் விடாதீர்கள்.

அம்மா, எஸ்தரு ஓடியாரல. வண்டி நின்னுக்கினுதான் இருந்துது. எல்லாரையும் ஏறவுட்டு, கடைசியாத்தான் அவ படியில காலு வச்சா. அவ அவசரப்படல. உள்ள எடம் புடிச்சிக் குந்திக்கினு, அவ ஏறிட்டாளான்னு திரும்பிக்கூடப் பாக்காம ரைட்டு சொன்னவன் நான்தாம்மா.